ஒரு கொத்து அரிசியின் வரலாறு

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் ஆட்சிமுறை பற்றிப் பேசுவோர் வழக்கமாக மூன்று குறைகளை எடுத்துக்காட்டுவர். கருவூலத்திற் பணம் இல்லை என்பது ஒன்று. உத்தியோகத்தரிடம் நேர்மை இல்லை என்பது மற்றொன்று. மக்களிடம் பொறுமை இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொய் என்று வாதிட நாம் வரவில்லை. ஆயினும் இவற்றைக் கூறுவோர் ஒரு வினாவை மாத்திரம் வசதியாக மறந்துவிடுகின்றனர். அரசாங்கம் ஒரு கொள்கையை வகுக்கும்பொழுது யாரைக் கணக்கில் எடுக்கின்றது? யாரைக் கணக்கின் புறத்தே நிறுத்திவிடுகின்றது? இவ்வினாவுக்கு விடை காணாது வரவு செலவுத் திட்டத்தின் இலக்கங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது, நோயாளியைப் பாராது மருந்துக் கணக்கைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

எமது நாட்டில் இவ்வினாவை ஆராய்வதற்கு அரிசிப் பங்கீட்டின் வரலாற்றைப் போலத் தெளிவான உதாரணம் வேறொன்றில்லை. 1942இல் தொடங்கி 1979இல் முடிவுற்ற அப்பங்கீடு, பிரதம மந்திரி ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியது. நிதி மந்திரி ஒருவரை இராஜினாமாச் செய்யவைத்தது. பொதுத் தேர்தலொன்றின் முடிவை நிருணயிப்பதிற் பெரும் பங்கு கொண்டது. சங்கக்கடை வாசலிற் கூப்பன் புத்தகத்தோடும் ஓலைப் பையோடும் வரிசையில் நின்றவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களின் நினைவில் உள்ளதைப் பொருளியலாளரின் அட்டவணையோடு ஒப்புநோக்கிப் பார்ப்பது பயன் தரும்.

*

தன் மக்கள் உண்ணும் சோற்றைத் தானே விளைவியாத நாடாக இலங்கை ஆகியது இயற்கையின் விதியால் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பியும், பின்னர் தேயிலையும் றப்பரும் மலைச்சரிவுகளைக் கைப்பற்றின. அவற்றிற் பணிபுரியத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களுக்குக் கடல் கடந்து அரிசியும் கொண்டுவரப்பட்டது. தேயிலை ஏற்றுமதியாயிற்று; அரிசி இறக்குமதியாயிற்று. இக்குடியேற்றப் பொருளாதாரம் வளர வளர, நாட்டுக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் ஏனைய அயல்நாடுகளிலிருந்தும் வந்து இறங்கும் நிலை உண்டாயிற்று.

1942 மார்ச்சில் இறங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பின் மேலும், 9ஆந் திகதி திருகோணமலையின் மேலும் குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே ஆளுக்கு இவ்வளவு அரிசி என்று கூப்பன் மூலம் வழங்கும் முறை நாடு முழுவதும் ஏற்படுத்தப்பட்டது. அதனைப் பகிர்ந்தளிக்கக் கிராமந்தோறும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் முளைத்தன. நாம் சங்கக்கடை என்று இன்றும் வழங்கும் பெயர் அன்று வீட்டுக்கு வீடு பரவியதாகும்.

இப்பங்கீடு பிரித்தானிய ஆட்சியாளரின் கருணையிற் பிறந்தது என்று எவரும் கொள்ளவேண்டியதில்லை. மலாயா வீழ்ந்த பின்னர் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் தந்த முக்கிய நாடு இலங்கையே. அதன் துறைமுகங்கள் யுத்தத்துக்கு வேண்டியிருந்தன. பட்டினி கிடக்கும் தொழிலாளி பால் வெட்டான். பட்டினி கிடக்கும் நகரம் அமைதியாய் இராது.

எனினும் இவ்விளக்கம் மாத்திரம் போதாது. அதே யுத்தத்தில், அதே பேரரசின் கீழ், அதே பர்மா அரிசியை இழந்த வங்காளத்தில் 1943இல் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். அங்கும் ஒருவகை வழங்கல் இருந்தது. கல்கத்தாவின் யுத்தத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்தோருக்கு அரிசி கிடைத்தது. நாட்டுப்புறத்து விவசாயக் கூலியும், மீனவனும், குயவனும் விலை கொடுக்க மாட்டாது வீதியில் விழுந்தனர். இலங்கையிலோ கிராமத்தவன் பெயரிலும் கூப்பன் இருந்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல உள. சிறிய தீவொன்றுக்குக் கப்பலில் வரும் அரிசியை அரசாங்கமே கையேற்றுப் பங்கிடுதல் எளிது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் மற்றொரு காரணத்தையும் நாம் கருதவேண்டும். 1931 முதல் எமது நாட்டிற் சர்வசன வாக்குரிமை நிலவியது. அரசாங்க சபையிலே மந்திரிமாராய் அமர்ந்திருந்தவர்கள் நிலவுடைமையாளரே எனினும், கிராமத்தவனின் வாக்கைக் கேட்டே அங்கு சென்றவர்கள். வாக்காளன் ஒருவன் உண்ணாது இறப்பதை அவர்கள் எளிதில் மறைக்க முடியாது. ஆட்சியின் கணக்கேட்டில் ஒரு மனிதனின் பெயர் ஏறுவதற்கு வாக்குரிமை எத்துணை உதவும் என்பதை வங்காளமும் இலங்கையும் அக்காலத்தில் எடுத்துக்காட்டின.

*

யுத்தம் 1945இல் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. அது விடுதலை பெற்ற அரசின் சொத்தாயிற்று. இலவசக் கல்வி 1945இல் வந்தது. அரசாங்க வைத்தியசாலைகள் பெருகின. டி.டி.ற்றி மருந்து மலேரியாவை ஒடுக்கியது. இவற்றோடு மலிவான அரிசியும் சேர்ந்தது. 1946 அளவில் இந்நாட்டிற் பிறந்த குழந்தையொன்று வாழுமென எதிர்பார்த்த ஆயுட்காலம் ஏறத்தாழ 43 ஆண்டு. 1963இல் அது 60ஐக் கடந்துவிட்டது. இவ்வெற்றியில் அரிசிக்கு உரிய பங்கு எவ்வளவு, மலேரியா ஒழிப்புக்கு உரிய பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். ஆயின் வறிய நாடு ஒன்று செல்வம் பெருகும்வரை காத்திராது தன் மக்களை வாழவைத்தல் கூடும் என்பதை இலங்கை மெய்ப்பித்தது என்பதில் வாதம் இல்லை.

இந்நிலையிலேதான் 1953 வந்தது. கொரிய யுத்தம் றப்பரின் விலையை ஏற்றிப் பின் இறக்கியது. அரிசியின் விலையையோ ஏற்றியபடியே வைத்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. 1952 டிசெம்பரிற் சீனாவுடன் செய்துகொண்ட றப்பர்-அரிசி ஒப்பந்தம் ஓரளவு மூச்சுவிட இடந் தந்ததெனினும் கருவூலத்தின் நெருக்கடி தீரவில்லை. மலிவு அரிசியை வாக்களித்துத் தேர்தலில் வென்ற அரசாங்கம், ஓராண்டு கழிந்த அளவில், 1953 யூலையில், கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவை நிறுத்தியது. புகையிரதக் கட்டணத்தையும் தபாற் கட்டணத்தையும் கூட்டியது.

ஓகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடைபெற்றது. மேற்கு, தெற்குக் கரையோரங்களிலே மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தனர், பாதைகளை மறித்தனர். கடைகள் மூடப்பட்டன. மந்திரி சபை தரையிற் கூடத் துணியாது, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாண்ட் என்னும் பிரித்தானிய யுத்தக் கப்பலிற் கூடியது. அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரிற் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின் வந்தவர் விலையைக் குறைக்க வேண்டியவராயினார்.

அந்நாளின் வீரத்தை நாம் பலமுறை பேசியிருக்கின்றோம், பேசவும் வேண்டும். ஆயினும் அதன் அரசியற் பொருளை நிதானமாக நோக்குதல் நன்று. விலையை உயர்த்திய நிதி மந்திரியின் கணக்கு முற்றிலும் பிழையானதன்று. கருவூலம் வறண்டிருந்தது உண்மையே. பிழை எங்கே இருந்ததெனில், யார் சுமப்பது என்ற வினாவை அவர் வினாவாகவே கருதாமையில் இருந்தது. யுத்தகாலத்திலும் கொரிய யுத்தச் செழிப்பிலும் கொழுத்த கம்பனிகளிடமும் பெருநிலக்காரரிடமும் கேட்க வேண்டியதை, சோற்றுப் பானையிடம் கேட்டார். பானை வைத்திருந்தவனிடம் வாக்குச் சீட்டும் இருந்தது என்பதை அவர் மறந்தார்.

அதன் பின் வந்த அரசாங்கம் எதுவும் அப்பாடத்தை மறக்கவில்லை. 1962இல் நிதி மந்திரியாயிருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டைக் குறைக்க முனைந்தபோது அவரது கட்சியினரே எதிர்த்தெழ, அவர் பதவி துறக்க நேர்ந்தது. 1966இன் இறுதியில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் இரண்டு கொத்தை ஒரு கொத்தாகப் பாதியாக்கியபோது, மிஞ்சிய ஒரு கொத்தை இலவசமாகவே கொடுத்தது. அதுவும் மக்களைத் திருப்திப்படுத்தவில்லை. 1970 தேர்தலில் ஐக்கிய முன்னணி இரண்டாவது கொத்தை மீண்டும் தருவதாக வாக்களித்துப் பெருவெற்றி பெற்றது.

*

இதுவரை கூறியது எமது வாசகர் பலரும் அறிந்த கதையே. இனிக் கூறுவதை நாம் போதிய அளவு கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பங்கீட்டு அரிசிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தேயிலை, றப்பர், தெங்குப் பொருள்களின் ஏற்றுமதியிலிருந்து வந்தது. அவற்றுள் முதன்மையானது தேயிலை. அத்தேயிலையைக் கொய்த கைகள் மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள். நாடு இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமைப்பட்ட காலத்தில் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் தயவில் ஓரறைக் கொட்டில்களாய்க் கிடந்தன. அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான். நாடு சிசு மரணத்தைக் குறைத்துப் புகழ் பெற்ற காலத்தில் லயத்துக் காம்பிராக்களிற் பிறந்த குழந்தைகள் ஏனைய குழந்தைகளைவிட அதிகமாய் இறந்தன. நலன்புரி அரசின் செலவைத் தம் உழைப்பாற் கட்டியவர்களே அதன் பயனைக் கடைசியாகப் பெற்றனர்.

அவர்கள் அதனை ஏன் கேட்டுப் பெறவில்லை? 1947 தேர்தலில் மலையகம் தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டங்களும் அம்மக்களின் பெருந்தொகையினரிடமிருந்து நாட்டையும் வாக்கையும் ஒருங்கே பறித்தன. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் ஒருவர்தானும் தெரிவாகவில்லை. ஆகவே 1953இல் சோற்றுக்காக எழுந்த மக்கள், நான்கைந்து ஆண்டுகளின் முன் வாக்கிழந்த தொழிலாளரின் மௌனத்தின் மேல் நின்றே எழுந்தனர். அன்று அவர்களுக்காக வாதாடிய இடதுசாரிகளின் குரல் பாராளுமன்றத்தில் ஒலித்தது உண்மை. அக்குரல் தெருவுக்கு இறங்கித் தண்டவாளத்தை மறிக்கவில்லை என்பதும் உண்மை.

இதன் விளைவு இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய், தானிய விலைகள் ஏறின. 1953 ஹர்த்தாலின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா அப்போது நிதி மந்திரி. பங்கீட்டைக் குறைக்கும் பொறுப்பு வரலாற்றின் கொடிய நகையாக அவர் கையிலேயே வந்து சேர்ந்தது. அரிசியும் நெல்லும் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லத் தடைகள் ஏற்பட்டன. பாணுக்கு விடியுமுன் வரிசை நின்றது. கிராமத்தவன் மரவள்ளியையும் ஈரப்பலாவையும் வீட்டுக் கொல்லையிற் கண்டான். லயத்தில் வாழ்பவனுக்குக் கொல்லை இல்லை; அவன் நின்ற நிலமும் தோட்டத்துக்குரியது. கூலியைக் கொண்டு மாவும் அரிசியும் வாங்கி உண்டவன், மாவின் விலை ஏறியதும் வேலை நாட்கள் குறைந்ததும் வேறு வழியின்றித் தவித்தான். 1974இல் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகக் கடுமையாக உயர்ந்தது. தோட்டத்தை விட்டு நகரத் தெருக்களிற் பிச்சைக்கு வந்தோரும், வன்னிக் காடுகளை நோக்கி நடந்தோரும் பலர்.

அவ்வாண்டுகளிற் பட்டினி நாடு முழுவதிலும் இருந்தது. ஆனால் அது சரிசமமாக இருக்கவில்லை. 1953இல் வாக்குடையவன் விலையை இறக்கினான். 1974இல் வாக்கற்றவன் இறந்தான். எந்த மந்திரியும் பதவி துறக்கவில்லை, எந்த மந்திரி சபையும் கப்பலுக்கு ஓடவில்லை. ஒரு கொள்கை எல்லோருக்கும் உரியதென்று ஏட்டில் இருந்தால் மாத்திரம் போதாது. அதனைக் காக்கும் வலுவும் எல்லோரிடத்தும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

*

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. புதிய அரசாங்கம் பங்கீட்டை 1953இற் போல் ஒரே வெட்டில் வெட்டவில்லை. அது பாடம் படித்திருந்தது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டோர் நாட்டின் பாதியினர். எஞ்சியோர் மற்றப் பாதியினர். எழுந்து நிற்கக்கூடிய நடுத்தரத்தவன் முதலிற் பிரிக்கப்பட்டான். 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அளவுக்குப் பதிலாகப் பணம் வந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு கொத்து அரிசி விலை ஏறினாலும் ஒரு கொத்து அரிசியே. ஆனால் ரூபா விலை ஏறினால் தேய்ந்துபோகும். 1982 அளவில் முத்திரையின் வாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்துவிட்டது. எவரும் அதனைக் குறைக்கச் சட்டம் கொண்டுவரவில்லை. விலைவாசியே அவ்வேலையைச் சத்தமின்றிச் செய்து முடித்தது. 1980இற் புதிய பதிவுகளும் நிறுத்தப்பட்டன. அதன் பின் பிறந்த ஏழைக் குழந்தை அரசின் ஏட்டிற் பிறக்கவேயில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு இங்கும் ஒரு தனி அநீதி காத்திருந்தது. முத்திரை பெறத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கு வருமானத்தைக் காட்ட வேண்டும். நகரத்துச் சிறுவியாபாரியும் கிராமத்து நிலக்காரனும் தம் வருமானத்தைத் தாமே சொல்லலாம்; சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியோ சதக் கணக்கிற் செக்ரோலில் எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தில் மூவர் வேலை செய்தால் மூவரின் கூலியும் கூட்டப்பட்டது. இதனால் நாட்டின் மிக வறியோருட் பெருந்தொகையினர், தம் கூலி எழுத்தில் இருந்த ஒரே காரணத்தால், ஏழைகளின் பட்டியலுக்கு வெளியே நின்றனர். முன்னர் அரசின் ஏட்டிற் பெயர் இல்லாமையால் அழிந்தவர்கள், இப்பொழுது தோட்டத்தின் ஏட்டிற் பெயர் இருந்தமையால் இழந்தனர்.

கருவூலத்தின் கணக்கில் இம்மாற்றம் பெருவெற்றி. 1970களின் நடுப்பகுதியில் மொத்தத் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதமாயிருந்த உணவு மானியம், 1980களின் நடுவில் 1 சதவீதத்தை அண்மித்து வந்துவிட்டது. வெளிநாட்டு ஆலோசகர்கள் இதனைப் பாராட்டினர். அதே காலத்தில் மிக வறிய ஐந்திலொரு பங்கினர் உண்ட உணவின் அளவு முன்னையதிலும் குறைந்தது என்பதும் ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. இரண்டு கணக்குகளும் சரியே. ஒன்று மேசையில் வைத்து வாசிக்கப்பட்டது, மற்றது வாசிக்கப்படவில்லை.

*

பழைய பங்கீட்டை அப்படியே மீட்டுத் தரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அதன் குறைகள் மெய்யானவை. இறக்குமதி அரிசியின் மேல் அது நின்றது. தேயிலை விலை சரிந்தபோதெல்லாம் ஆடியது. பணக்காரன் வீட்டு நாயும் கூப்பன் அரிசி தின்றது என்று அக்காலத்திற் கூறியோர் முற்றிலும் பொய் கூறவில்லை. ஆனால் அக்குறையைத் தீர்க்க வேறு வழி இருந்தது. எல்லோர்க்கும் கொடுத்து, உடையவனிடம் வரியாகத் திரும்பப் பெறுதல் அவ்வழி. அதனை விடுத்து, இல்லாதவன் தான் இல்லாதவன் என்பதை உத்தியோகத்தர் முன் மெய்ப்பித்தல் வேண்டும் என்ற வழியையே எமது அரசாங்கங்கள் தேர்ந்தன.

இவ்விரண்டு வழிகளின் வேற்றுமை செலவில் மாத்திரம் இல்லை. கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடைக்குச் சென்றவன் தன் உரிமையைக் கேட்கச் சென்றான். பிந்து கிடைத்தால் ஏசினான். அரிசியிற் கல் கிடந்தால் மனேச்சரோடு சண்டையிட்டான். பட்டியலிற் பெயர் சேர்க்கச் செல்பவன் கைகட்டி நிற்கின்றான். பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் வல்லவர் யாரோ, அவரே அவ்வூரின் அதிகாரி; அவருக்கு வேண்டியவரே தேர்தல் காலத்தில் அவ்வூரின் தலைவர். 1989இன் ஜனசவியவும், 1995இன் சமுர்த்தியும், 2023இன் அஸ்வெசுமவும் வெவ்வேறு அரசாங்கங்களால் வெவ்வேறு பெயரிற் கொண்டுவரப்பட்டவை. ஒவ்வொன்றும் முன்னையதன் பட்டியல் பிழையென்று கூறியே பிறந்தது. 2022இல் நாடு கடனைக் கட்டமாட்டாது நின்று, மக்கள் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற கொடிய காலத்தின் பின்னர் வந்த அஸ்வெசுமவின் முதற் பட்டியல் வெளியானபோது, இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் முன் நின்ற அந்தக் கூட்டம், தான் ஏழை என்பதை நிறுவுவதற்காக நின்ற கூட்டம்.

மலையக மக்களின் நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தே அவர்களின் பெயர் இந்நாட்டின் ஏட்டில் முழுமையாக ஏறியது. இன்று அவர்கள் வாக்காளர். லயத்துக் காம்பிராக்கள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. கூலிக்கான போராட்டம் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. வாக்கு வந்ததும் சோறு வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. வாக்கின்றிச் சோறு நிலைக்காது என்பதையே இவ்வரலாறு கூறுகின்றது.

வறிய நாடுகளின் நிதி நிலையைச் சீர்செய்ய இனியும் தூதுக்குழுக்கள் வரும். மானியத்தைக் குறைக்க வேண்டும், உதவியைத் தகுதியானவர்க்கு மாத்திரம் குறிவைத்து வழங்க வேண்டும் என்று அறிக்கைகள் எழுதப்படும். அவ்வறிக்கைகளைப் படிக்கும்போது நாம் இரண்டு வினாக்களைக் கையில் வைத்திருப்போமாக. தகுதியானவர் யாரென்று தீர்மானிப்பவர் யார்? தீர்மானம் தவறினால், தவறுண்டவன் அதனைத் திருத்த எங்கே செல்வான்? 1953இல் அவ்வினாவுக்குத் தெரு விடை தந்தது. 1974இல் விடை தர எவரும் இருக்கவில்லை. அன்று மலைச்சரிவில் இறந்தவர்களுக்கு நினைவுக் கல் இல்லை. எமது நலன்புரி அரசின் வரலாற்றை எழுதுவோர் அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.